கறிவேப்பிலைக் கன்றுக்கு எந்த உரம்?
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வேம்போ கறிவேப்பிலையோ முளைக்கவைப்பவர்கள், கன்று நாலைந்து இலை விடும்வரை ரசாயன உரத்தைத் தொடவே வேண்டாம். மண்ணில் நாலில் ஒரு பங்கு நன்றாக மக்கிய உரம் கலந்தாலே போதும். அது மெதுவாகத்தான் சத்து தரும், ஆனால் மண் பொலபொலவென்று இருப்பதால் வேர் நன்றாக ஓடும். பச்சைச் சாணம் வேண்டாம், வேரைப் பொசுக்கிவிடும்.

அப்புறம் தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சம அளவில் உள்ள 15-15-15 ரசாயன உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, ஈர மண்ணில் மாதம் இருமுறை ஊற்றலாம். யூரியாவில் 46% தழைச்சத்து (நைட்ரஜன்), சின்னத் தொட்டிக்கு அது அதிகம். தண்டு நெடுநெடுவென வளரும், வேர் பின்தங்கும். இலை நுனி கருகினால் உப்பு சேர்ந்துவிட்டது, வெறும் தண்ணீரை அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள், கொசு வந்தால் அபராதம்!