மின்சாரத்தை ஏன் உயர் மின்னழுத்தத்தில் அனுப்புகிறார்கள்? கணக்குப் போட்டே பார்க்கலாம்

மின்னழுத்தத்தைக் கூட்டினால் இழப்பு குறையும் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஓம் விதி உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். போன் கால்குலேட்டரும் ஒரு தாளும் போதும். எக்செல் வேண்டாம், கட்டத்துக்குள் சூத்திரம் ஒளிந்துகொண்டால் எது எங்கே மாறுகிறது என்றே கண்ணில் படாது.

படி 1: அனுப்புவது 10 மெகாவாட். போகவர கம்பியின் மொத்தத் தடை 5 ஓம். கிலோ, மெகா எல்லாவற்றையும் முதலிலேயே வாட், வோல்ட்டாக மாற்றிவிடுங்கள்.

படி 2: திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம். 11 கிலோவோல்ட் என்றால் சுமார் 909 ஆம்பியர். 110 கிலோவோல்ட் என்றால் சுமார் 91.

படி 3: மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், கம்பியில் சூடாகி வீணாவது கிடைக்கும். 11 கிலோவோல்ட்டில் 4.13 மெகாவாட் போய்விடுகிறது. கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு. 110-இல் வெறும் 41 கிலோவாட். அழுத்தம் பத்து மடங்கு, இழப்போ நூறில் ஒன்று.

படி 4: பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தாலும் திறன் வரும் அல்லவா? அப்படியானால் அழுத்தம் கூடக்கூட இழப்பும் கூட வேண்டுமே! சரி, போட்டுப் பாருங்கள்: 1,10,000-இன் வர்க்கம் வகுத்தல் 5. விடை 2,420 மெகாவாட். அனுப்பியதே 10 தான்!

சூத்திரத்தில் குறையில்லை, அதில் போட்ட மின்னழுத்தம்தான் வேறு. 110 கிலோவோல்ட் என்பது இரு கம்பிகளுக்கும் இடையே இருப்பது. நமக்கு வேண்டியது கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் குறையும் அழுத்தம்: 91 × 5, அதாவது 455 வோல்ட். இதை வர்க்கமாக்கி 5-ஆல் வகுத்தால் அதே 41 கிலோவாட். 11 கிலோவோல்ட்டில் இந்தக் குறைவு 4,545 வோல்ட்.

பின்சேர்க்கை: மூன்று கம்பிகளில் மின்சாரம் போகும் மூன்று ஃபேஸ் லைனுக்கு இது பொருந்துமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். பொருந்தும். மின்னோட்டம் காண மூன்றின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும், இழப்பை மூன்றால் பெருக்க வேண்டும். மின்னோட்டத்தை வர்க்கமாக்கும்போது இரண்டும் அடிபட்டுப்போகும். தடையை மட்டும் ஒரு கம்பிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அழுத்தத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. கம்பியைச் சுற்றியுள்ள காற்றே அயனியாகி மின்சாரத்தைக் கசியவிடும். கோபுரமும் இன்சுலேட்டரும் பெரிதாகிக்கொண்டே போகும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் நேர்மின்னோட்டத் தடம் ±800 கிலோவோல்ட், திறன் 6,000 மெகாவாட். ஒரு கம்பி +800, மற்றது −800, ஆக இரண்டுக்கும் இடையே 1,600 கிலோவோல்ட் என்று வைத்துப் படி 2-ஐ நீங்களே போடுங்கள். 3,750 ஆம்பியர் வந்தால் சரி.