லோயர் ஆர்ம் மாற்றுகிறீர்களா? கடைசி முறுக்கைத் தரையில் கொடுங்கள்

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தால் இடது முன்சக்கரத்தில் ஒரு ‘டக்’. விட்டால் இன்னொரு ‘டக்’. ஊருக்கு வந்ததும் வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். சக்கரத்தைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். பணம் போனது, சத்தம் போகவில்லை.

கோவை நூற்பாலை ஒன்றில் 22 வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு, இப்போது காங்கயம் பக்கத்தில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். எங்கே தேய்ந்திருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்காமல் ஒரு பாகத்தையும் மாற்றாதே என்றுதான் ஆலையில் பழகினேன். அன்று அதை விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னும் வருத்தம். மறுநாளே வண்டியைக் கொப்பரை உலர்த்தும் களத்துக்கு ஓட்டிவந்தேன்.

களம் என்றால் சிமெண்டுக் களம். தோப்பு மண்ணில் ஜாக்கி வைக்கவே கூடாது, புதைந்து சாய்ந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். முன்சக்கரங்கள் இழுக்கிற வண்டியில் கியரை நம்பாதீர்கள். நாம் தூக்கப்போவது அந்தச் சக்கரங்களைத்தான். வீல் நட்டுகளைத் தரையிலேயே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, முன்பக்கம் இரண்டையும் தூக்கி இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள். பாரத்தில் அவை சொல்லாமல் வெடிக்கும். ஸ்டெப்னியைக் கதவுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டுத்தான் நான் அடியில் படுப்பேன்.

முதலில் சோதனை. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். எங்கள் வீட்டில் அது மகளின் வேலை. “மிதித்துவிட்டேனுங்கப்பா” என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஆட்டம் நின்றால் சந்தேகம் வீல் பேரிங் மேல். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் மேல். சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் கீழ்க்கைதான் லோயர் ஆர்ம், அதன் நுனியில் உள்ள குண்டு மூட்டுதான் பால் ஜாயிண்ட். பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், மலைப்பாதையில் அது உயிர்ப் பிரச்சினை. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவதுபோல் சத்தம் வந்தால், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்மூடி பேரிங்.

எனக்கு இவற்றில் எதிலும் ஆட்டம் இல்லை. சின்னக் கடப்பாரையை லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து மெல்ல நெம்பினேன். ஆர்மைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ரப்பர் வைத்த குழாய்தான் புஷ். நல்ல புஷ் கொஞ்சம் வளைந்துகொடுத்துத் திரும்பும். இது திரும்பவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், பின்புஷ்ஷின் ரப்பர் பாதிச் சுற்றுக்கு வாய் பிளந்திருந்தது. நகத்தை உள்ளே விட முடிந்தது. ஓரத்தில் கரித்தூள்போல ரப்பர் பொடி. உள்குழாய் வெளிவளையத்தில் இடித்து இடித்து ஓரிடம் மட்டும் வெள்ளியாக மின்னியது. பிரேக் மிதித்ததும் ஆர்ம் பின்னால் போய் இடித்ததுதான் அந்த ‘டக்’. கிளுவை வேலிக்கு நடுவே தோட்டத்துக்குப் போகும் எங்கள் இட்டேரியில் 11 வருடம் ஓடிய வண்டி அது.

புஷ்ஷை மட்டும் மாற்றலாம், ஆனால் அதை அழுத்திப் புகுத்தப் பிரஸ் வேண்டும். திசை மாறிப் புகுந்தாலும் கெட்டது. புஷ்ஷும் பால் ஜாயிண்டும் சேர்ந்த முழு ஆர்மை வாங்குவதே என் கட்சி. இடது, வலது வேறு வேறு. கழற்றுவதற்கு முன்பே பழையதற்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் மாலையே போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்க் ஆர்மில் பூட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். இரண்டு சக்கரமும் தொங்கினால்தான் அது முறுக்கில்லாமல் வரும். அடுத்தது பால் ஜாயிண்ட். பல மாருதி வண்டிகளில், சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டான நக்கிளின் காதை ஒரு குறுக்கு போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். பால் ஜாயிண்டின் தண்டில் உள்ள பள்ளத்தின் வழியேதான் அந்த போல்ட் போகிறது. எனவே தளர்த்தினால் போதாது, முழுதாக உருவவேண்டும். உருவாமல் சம்மட்டி எடுப்பவர்கள் நக்கிளைக் கெடுத்துவிடுகிறார்கள். பிறகு ஆர்மைக் கீழே நெம்பினால் தண்டு வெளியே வரும். நக்கிளை வெளிப்பக்கம் இழுக்காதீர்கள், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்மூட்டு பிரிந்துவிடும். ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள். சட்டத்தில் உள்ள போல்ட்டுகளை எடுத்தால் ஆர்ம் கையில்.

புது ஆர்மைப் பொருத்தும்போது சட்டத்து போல்ட்டுகளைக் கை முறுக்கோடு நிறுத்துங்கள். பால் ஜாயிண்ட் போல்ட்டையும் லிங்க்கையும் தொங்கும் நிலையிலேயே முழுதாக முறுக்கலாம். புஷ்ஷின் போல்ட்டுகள் மட்டும் காத்திருக்கவேண்டும்.

காரணம் இது. புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருக்கிறது. போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுகிக் கொடுப்பதால்தான். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், இரவு பகலாக, வண்டி நின்றிருந்தாலும். முன்பு மாமா வண்டிக்கு நான் அப்படித்தான் மாட்டினேன். நாலே மாதத்தில் புது புஷ் கிழிந்தது.

ஆகவே சக்கரத்தை மாட்டுங்கள். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் அடியில், ஒன்றோடொன்று ஆணியடித்த அகலமான வேப்பம்பலகை அடுக்கை வைத்து வண்டியை அதன்மேல் இறக்குங்கள். ஸ்டாண்டுகள் சட்டத்தைத் தொடாமல் விரல் இடைவெளியில் காவலுக்கு நிற்கட்டும். பானெட்டை நாலைந்து முறை அழுத்தி ஆட்டி, வண்டி தன் இயல்பான உயரத்தில் அமர்ந்ததும் அடியில் போய், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணே சரி. கழற்றிய லாக் நட், காட்டர் பின் எதையும் திரும்பப் போடாதீர்கள், புதிதே போடுங்கள்.

ஸ்ட்ரட்டில் எண்ணெய் வழிந்திருந்தால் அதை மட்டும் நான் வீட்டில் பிரிப்பதில்லை. அழுத்திவைத்த காயில் ஸ்பிரிங்கின் நடு நட்டைத் தெரியாமல் தளர்த்தினால் அது ஆளையே அடித்துவிடும். ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி, ஸ்பிரிங் கம்ப்ரசர் இருக்கும் பட்டறையில் கொடுத்து வாங்குகிறேன்.

ஆர்ம் மாற்றிய அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள், இல்லையென்றால் டயர் ஓரம் தேயும். 100 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். நான் சரிபார்த்த அன்று வலது பக்கப் புஷ்ஷிலும் டார்ச் அடித்தேன். மயிரிழைபோல ஒரு கீறல் தொடங்கியிருந்தது. அந்த ஆர்மையும் வாங்கி வைத்துவிட்டேன், அடுத்த ஞாயிறு களம் காலியாக இருக்கும்.