பெட்டி வருவதற்குள்: ராக் கிராலர் கிட்டுக்குக் காத்திருப்பவர் செய்து வைக்க வேண்டிய வேலைகள்

அக்கா மகன் டல்லஸிலிருந்து போன் செய்தான். "மாமா, பெட்டி வந்திருச்சு. பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்றான். "கை வைக்காதடா, அப்படியே கொண்டு வா" என்று சொல்லிவிட்டேன். அவன் செஞ்சிக்கு வர இன்னும் 5 வாரம் இருக்கிறது.

வருவது ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 த்ரீ, ஜீப் ராங்லர் பாடி போட்ட கிட். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு. பாறை மேல் நடை வேகத்தில் ஊர்ந்து ஏறுகிற ரிமோட் வண்டி இது, ரேஸ் வண்டி இல்லை. கிட் என்றால் கியர், ஆக்சில், ஷாக், ஸ்க்ரூ எல்லாம் தனித்தனிப் பைகளில் வரும், நாம்தான் பூட்ட வேண்டும். மோட்டார், ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), சர்வோ (ஸ்டியரிங்கையும் கியரையும் அசைக்கும் சின்ன மோட்டார்), ரிமோட், பேட்டரி, சார்ஜர், பெயின்ட் எதுவும் பெட்டிக்குள் இருக்காது. முதல் தடவை கிட் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதாகிறது. அந்தக் காத்திருப்பை இப்போதே முடித்துவிடலாம். நான் இந்த 5 வாரத்தில் என்ன செய்கிறேனோ அதையே எழுதுகிறேன்.

முதலில் புத்தகம், பிறகு கைச்சாமான்

கிட்டின் அசெம்பிளி மேனுவலைக் கம்பெனியே நெட்டில் இலவசமாகப் போட்டிருக்கிறது. நான் அதை இறக்கி, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு என் கடையிலேயே வைத்திருக்கிறேன். மதியம் கரன்ட் போனால் நான்கு பக்கம் படிப்பேன். இரும்போடு இரும்பு சேரும் இடம் எங்கே வந்தாலும் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைக்கிறேன். அங்கெல்லாம் லாக்டைட் (ஸ்க்ரூ அதிர்வில் கழலாமல் பிடிக்கும் பசை) போட வேண்டும், நீல நிறம் மட்டும். சிவப்பு போட்டால் சூடு காட்டாமல் கழற்ற முடியாது. பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவுக்கு லாக்டைட் வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக்கை அது விரிசல் விட வைத்துவிடும். எண்ணெய்ப் பசை இருந்தால் லாக்டைட் சரியாகப் பிடிக்காது. ஸ்க்ரூவை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

கைச்சாமானில் கஞ்சத்தனம் கூடாது. பட்டன் தலை எம்3 ஸ்க்ரூவுக்கு 2 மி.மீ. ஹெக்ஸ், உருளைத் தலைக்கு 2.5 மி.மீ., தலையில்லாத செட் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ., வீல் நட்டுக்கு 7 மி.மீ. நட் டிரைவர். எல்-கீ வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் மாதிரி நேர்ப் பிடி உள்ளதாக வாங்குங்கள். மூன்று வருடம் முன்பு என் பழைய வண்டியில், மலிவான எல்-கீயின் முனை மழுங்கி, பினியன் கியரின் (மோட்டார் ஷாப்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) செட் ஸ்க்ரூ ஓட்டை வட்டமாகிப் போனது. அதைக் கழற்ற ட்ரில் போட்டு மோட்டார் ஷாப்டையும் சேர்த்துக் கெடுத்தேன். இந்தத் தடவை நான்கு டிரைவரும் நல்ல கடின எஃகு முனையில் வாங்கிவிட்டேன். ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ இறக்கும் பழக்கத்தையும் இப்போதே கைக்குக் கொண்டுவரலாம். உடைந்த பொம்மையோ, பழைய சுவிட்ச் பாக்ஸோ ஒன்றை எடுத்து, அதில் ஓட்டை போட்டுப் பழகுங்கள். ஸ்க்ரூ நுனியைச் சோப்புக் கட்டியில் ஒரு இழு இழுத்துவிட்டு இறக்கினால் கை வலிக்காது. ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூவை மறுபடி போடும்போது நேராக முறுக்கக் கூடாது. முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். பழைய மரைக்குள் ஸ்க்ரூ 'டக்' என்று ஒரு நூல் அளவு இறங்குவது விரலில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். இப்படிச் செய்தால் அதே ஓட்டையில் எத்தனையோ தடவை பூட்டிக் கழற்றலாம்.

மோட்டார்: இது என் தொழில், கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன்

கிராலருக்கு 540 சைஸ் பிரஷ் மோட்டார் போதும். கடையில் 35, 45, 55 என்று எண் போட்டு விற்பார்கள். அது மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சரின் ஒவ்வொரு பல்லிலும் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்ற கணக்கு. மிக்சி ஆர்மேச்சர் கட்டிய யாருக்கும் இது உடனே புரியும். சுற்று கூடினால் அதே வோல்டில் வேகம் குறையும், ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் இழுவை கூடும். சுற்று குறைந்தால் வண்டி பறக்கும், ஆனால் பாறையில் ரிமோட்டின் லிவரைத் தொட்டதும் எகிறிக் குதிக்கும். 55 போட்டால் 2 செல் பேட்டரியில் வண்டி ரொம்பச் சோம்பலாக இருக்கும், 3 செல்லில் அழகாக நடக்கும். 35 போட்டால் 2 செல்லே போதும். இந்தக் கிட்டின் கியர் பாக்ஸில் இரண்டு வேகம் இருக்கிறது, அதனால் நான் 35-ஐயே தேர்ந்தெடுத்தேன். ஏறும்போது லோ கியர், ரோட்டுக்குத் திரும்பும்போது ஹை. காசு இடம் கொடுத்தால் 3 ஸ்லாட்டுக்குப் பதில் 5 ஸ்லாட் மோட்டார் வாங்குங்கள் (ஸ்லாட் என்பது ஆர்மேச்சர் பற்களுக்கு நடுவே கம்பி உட்காரும் பள்ளம்). மெதுவாகச் சுற்றும்போது விட்டு விட்டு உதறாது.

புது மோட்டாரை நேராக வண்டியில் போடாதீர்கள். சுமை இல்லாமல், இரண்டு பென்சில் செல்லின் 3 வோல்டில் சில நிமிடம் ஓட விடுங்கள். கார்பன் பிரஷ்ஷின் முகம் தட்டையாக வரும், அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் வளைவானது. பிரஷ் அந்த வளைவுக்குத் தேய்ந்து பொருந்தும் வரை முழுக் கரன்ட் கொடுத்தால் பொறி பறந்து செம்பு கருத்துவிடும். என் மேஜையில் இப்போது அந்தச் சின்ன மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் கரகரவென்று இருந்த சத்தம், கொஞ்ச நேரத்தில் ஒரே சீராக மாறியது. மாறியதும் நிறுத்தி, ஆற வைத்து, இரண்டு புஷ்ஷிலும் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய்.

இன்னொன்று. மோட்டாரைப் பிடிக்கும் ஸ்க்ரூ நீளமாக இருந்தால், அது கூட்டுக்குள் நுழைந்து சுற்றுக் கம்பியைக் கிழித்துவிடும். மவுன்ட் தகட்டைத் தாண்டி உள்ளே மூன்று மி.மீ. போனால் போதும். கிட்டோடு வரும் ஸ்க்ரூவையே போடுங்கள். கையில் கிடைத்ததைப் போட்டு வீணான மோட்டார்கள் என் கடைக்கு வந்திருக்கின்றன.

ஈஎஸ்சி கிராலருக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். காரணம், டிராக் பிரேக். லிவரை விட்டதும் சக்கரம் அப்படியே நிற்க வேண்டும். என் பழைய வண்டியில் அது இல்லை. மேல்சித்தாமூர் பக்கம் ஒரு சரிவில் பாதி ஏறி, கையை எடுத்தேன், பின்னால் உருண்டு ஆளுயரப் பள்ளத்தில் விழுந்து முன் ஆக்சில் முறிந்தது. நான் வாங்கியிருப்பது ஹாபிவிங் 1080. அதோடு வரும் சின்ன புரோகிராம் கார்டில் டிராக் பிரேக் அளவையும், பேட்டரி லிப்போவா (லித்தியம் பாலிமர்) என்பதையும் செட் செய்யலாம்.

ரிமோட் வாங்கும்போது சேனல் எண்ணுங்கள். ஸ்டியரிங் ஒன்று, ஆக்சிலரேட்டர் ஒன்று, கியர் மாற்ற ஒன்று, டிக் ஒன்று. டிக் என்பது பின் சக்கரங்களைப் பூட்டிவிட்டு முன் சக்கரங்கள் மட்டும் இழுப்பது, இடுக்கான இடத்தில் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். ஆக 4 சேனல் வேண்டும். கியருக்கும் டிக்குக்கும் தனித்தனியாகச் சின்ன சர்வோவும் வேண்டும். ஸ்டியரிங் சர்வோவின் திருப்பு விசை 20 கிலோவுக்குக் குறையக் கூடாது. சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டியிருக்கும்போது திருப்புகிற வேலை அதற்கு.

எல்லாம் வந்ததும் மேஜையில் பரப்பி, ஒரு தடவை முழுக்க இணைத்து ஓட்டிப் பாருங்கள். ரிசீவரை ரிமோட்டோடு பைன்ட் செய்யுங்கள், அதாவது ஜோடி சேருங்கள். சர்வோவுக்குக் கரன்ட் கொடுத்து நடுவில் நிறுத்துங்கள், அந்த நிலையில் ஹார்னை (சர்வோவின் கையை) நேராக மாட்டுங்கள். இதைச் செய்யாமல் வண்டியில் பூட்டினால் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பும், மறுபக்கம் பாதிதான். ரிட்டர்ன் அனுப்ப வேண்டிய சாமானும் இப்போதே தெரிந்துவிடும்.

பேட்டரியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்க வேண்டாம். லிப்போவை விமானப் பார்சலில் அனுப்பக் கட்டுப்பாடு அதிகம். டிரோன் சாமான் விற்கும் கடைகளில் இங்கேயே கிடைக்கிறது, நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனபோது 2 செல் பேக் ஒன்று வாங்கி வந்தேன். பெரிய பேக் வேண்டாம், எடை மேலே ஏறும். முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், ஓட்டாமல் வைக்கும்போது 3.8. கிட் வரும் வரை 3.8-லேயே வையுங்கள். 2200 எம்ஏஹெச் பேக்குக்கு 2.2 ஆம்பியர் சார்ஜ், எப்போதும் பேலன்ஸ் முறையில் (எல்லாச் செல்லும் ஒரே வோல்டுக்கு வரும் முறை), டைல்ஸ் தரையில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உப்பிய பேக்கை ஒரு நாளும் சார்ஜ் போடாதீர்கள்.

சக்கரத்துக்குள் ஈயம்

கிராலர் ஏறுவதும் கவிழ்வதும் எடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எடை கீழேயும் முன்னாலேயும் இருக்க வேண்டும். ஹாபி கடையில் பித்தளை வளையம் விற்கிறார்கள், விலை அதிகம். நான் வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். அலாய் வீலுக்குப் பின்பக்கம் ஒட்டுகிற வெயிட் பட்டை, 5 கிராமும் 10 கிராமுமாகத் துண்டு துண்டாக வரும். ஆறு பட்டை வாங்கினேன். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் ரிம்மைச் சுற்றி 60 கிராம், பின்னால் ஒன்றும் இல்லை அல்லது 20. ஒட்டுமுன் ரிம்மை ஸ்பிரிட்டில் துடைத்து, ஒட்டிய பிறகு மேலே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் போடுங்கள். வெயிட்டைத் தொட்டால் கையைக் கழுவுங்கள், சில ஈயமாக இருக்கும்.

டயருக்குள் காற்று கிடையாது, பஞ்சுதான். கூட வரும் பஞ்சு கனமில்லாத வண்டிக்குச் சரி. எடை கூடிய முன் சக்கரத்தில் பக்கவாட்டில் ரொம்ப மடங்குகிறது என்று தோன்றினால், ஹவாய் செருப்பின் மெத்தையிலிருந்து அரை அங்குலப் பட்டை வெட்டி, ரிம்மை ஒட்டி உள்ளே சுற்றி, அதற்கு மேல் பஞ்சு போடலாம். உள்ளே கெட்டி, வெளியே மெத்து. டயர் கல்லைக் கவ்வும்.

பாடி

பாடி கண்ணாடி போல நிறமில்லாமல் வரும், பெயின்ட் உள்பக்கம் அடிக்க வேண்டும். பாலிகார்பனேட்டுக்கு என்றே விற்கும் ஸ்ப்ரே வாங்குங்கள், டாமியாவின் பிஎஸ் வரிசை மாதிரி. சாதாரண ஸ்ப்ரே முதல் அடியிலேயே செதிலாக உதிரும். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் உள்ளே கழுவி, தொடாமல் காய வைத்து, கண்ணாடி இடங்களை மாஸ்க் செய்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்கவும். வெளிர் நிறத்துக்குப் பின்னால் வெள்ளை ஒரு பூச்சு. மழை நாளில் அடிக்க வேண்டாம். வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளைக் கடைசியில்தான் உரிக்க வேண்டும். நிறத்தை என் மகள் தேர்ந்தெடுத்துவிட்டாள், மாங்காய்ப் பச்சை.

பாறை பார்ப்பது

இந்த வேலையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம், 312 மி.மீ. ஒரு மர ரீப்பரை அந்த அளவுக்கு அறுத்து, இரண்டு முனையிலும் டயர் சைஸுக்கு வட்டப் பலகை அடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கோட்டைக்குள் போவதில்லை. அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, அந்தக் கற்களை யாரும் சுரண்டக் கூடாது. எங்கள் ஊரில் கோட்டைக்கு வெளியே பாறைக்கா பஞ்சம்? நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

ரீப்பரை இரண்டு கல் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு சக்கரமும் கல்லைத் தொட்டு, நடு மரமும் கல்லில் தட்டினால், அங்கே வண்டி வயிறு மாட்டிக்கொண்டு தொங்கும். தட்டாமல் விரல் நுழைந்தால் கடக்கும். அப்படிக் கடக்கும் இடங்களைச் சாக்பீஸால் குறியிட்டுக்கொண்டே போனால், கீழிருந்து மேலே ஒரு பாதை தெரிய ஆரம்பிக்கும். கல்லைத் தடவியும் பாருங்கள். காய்ந்த கருங்கல் உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். வடபக்கம் சாம்பல் நிறத்தில் பாசி படிந்த கல், மழைக்குப் பின் எண்ணெய் தடவியது போல வழுக்கும். மேலே பொருக்கு உரியும் கல்லையும் விட்டுவிடுங்கள், டயர் அழுத்தத்தில் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து வரும். ஆடு மேய்க்கும் இடங்களில் கிடக்கும் நைலான் கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள், ஆக்சிலில் சுற்றினால் சீலைத் தின்றுவிடும்.

போன வாரம் ஒரு இடம் கிடைத்தது. புளியமரத்துக்குப் பின்னால், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த இரண்டு பாறை, நடுவில் ஒரு முழ இடைவெளி. ரீப்பரை வைத்தேன், முன் வட்டம் மேல் கல்லில், பின் வட்டம் கீழ்க் கல்லில், நடு மரம் மயிரிழையில் தட்டவில்லை. ஆனால் மேல் கல்லுக்குப் போனதும் உடனே இடப்பக்கம் திரும்ப வேண்டும், அதற்கு இடம் இல்லை. டிக் போட்டால்தான் முடியும். சாக்பீஸில் அங்கே ஒரு பெரிய வட்டம் போட்டு வந்திருக்கிறேன்.