எடுக்க முடியாத அழைப்புகளை மட்டும் குரல் முகவரிடம் விடுங்கள்

சிறிய பல் மருத்துவமனை நடத்துபவர்கள், தொலைபேசியில் பதில் சொல்லச் செயற்கை நுண்ணறிவுக் குரல் முகவரை அமர்த்தும்போது, எல்லா அழைப்புகளையும் அதனிடம் ஒப்படைக்காமல், தாங்கள் எடுக்காதவையும் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது வருபவையும் மட்டும் அதற்குச் செல்லுமாறு கைபேசியின் அழைப்பு அமைப்புகளில் மாற்றிக்கொள்வது நல்லது. எடுக்காத அழைப்பு அதனிடம் செல்லும் முன் மணி ஒலிக்கும் நேரத்தை, ஜிஎஸ்எம் என்னும் கைபேசி வலையமைப்புத் தரத்தில் 5 முதல் 30 வினாடி வரை வைக்கலாம். 15 வினாடியே பொருத்தம் என்பது என் கருத்து. பேசுவது இயந்திரம் என்பதைக் குரல் முகவர் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் எண்களையும் பெயர்களையும் அது தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்பதால், தேதி, நேரம், கைபேசி எண் ஆகியவற்றைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுமாறும், இரத்தக்கசிவு, வீக்கம், தாங்க முடியாத வலி என்று யாரேனும் சொன்னால் உடனே மனிதரிடம் இணைக்குமாறும் அதற்கு முன்கூட்டியே கட்டளையிட்டு வையுங்கள்.