மண்ணுக்கு என்ன குறை? பன்னிரண்டு வாளிகளில் ஒரு தழைச்சத்துச் சோதனை

செடி மஞ்சளடித்து நின்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ஆயா கோழி எரு போடச் சொல்வார். கடைக்காரர் 2:3:2 உர மூட்டையைக் காட்டுவார். இன்னொருவர் தண்ணீர் போதவில்லை என்பார். மூவரில் யார் சொல்வதும் சரியாக இருக்கலாம். எது சரி என்பதை மண்ணையே சொல்லவைக்க எளிய வழி ஒன்று உண்டு. பன்னிரண்டு பழைய பெயிண்ட் வாளி, ஒரு சமையலறைத் தராசு, ஆறு வாரப் பொறுமை, இவ்வளவுதான் தேவை. செய்து முடித்தால் உங்கள் தோட்டத்தோடு, மவுண்ட் எட்ஜ்கம் கரும்புக்காடும் மிட்லண்ட்ஸ் புல்வெளியும் கேப் மலைப் புதரும் ஏன் ஒன்றுபோல் இல்லை என்பதும் பிடிபடும்.

தொடங்கும் முன் கொஞ்சம் பின்னணி

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்; தழைச்சத்து என்பது இதுதான். இலையைச் சுற்றி அவ்வளவு இருந்தும் செடிக்கு அதில் ஒரு துளியும் உதவாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அதைப் பிரிக்கும் திறன் செடிக்குக் கிடையாது. மண்ணீரில் அமோனியமாகவோ நைட்ரேட்டாகவோ கரைந்து வந்தால்தான் வேர் எடுத்துக்கொள்ளும். பிரித்துக் கொடுப்பவை சில வகை பாக்டீரியாக்கள், கொஞ்சம் மின்னல், அப்புறம் 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவில் உற்பத்தியைத் தொடங்கிய, காற்றின் நைட்ரஜனை அமோனியாவாக்கும் ஹேபர்-போஷ் முறைத் தொழிற்சாலைகள்.

மண்ணுக்குள் இருக்கும் நைட்ரஜனிலும் பெரும்பகுதி மக்கிய இலை, வேர் இவற்றுக்குள் பூட்டித்தான் கிடக்கும். நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கச் சிதைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஆகவே மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு, செடிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு கணக்கு. நாம் அளக்கப்போவது இரண்டாவதை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் உளுந்து ஒரு கைப்பிடிதான் என்றால், அந்த உளுந்துக்குத் தகுந்த இட்லிதான் வரும். செடியும் அப்படித்தான்: எது மிகக் குறைவோ அதுவே வளர்ச்சியை நிறுத்திவைக்கும். மற்றதை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை.

படி 1: மூட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்க உர மூட்டையில் 2:3:2 (22) என்று இருக்கும். முதல் எண் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இரண்டாவது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். மூன்றாவது சாம்பல் சத்து, பொட்டாசியம். அடைப்புக்குள் இருக்கும் 22, மூன்றும் சேர்ந்து மூட்டையில் எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. 2+3+2=7. 22-ஐ ஏழு பங்காக்கி இரண்டு பங்கு எடுத்தால் 6.3 சதவீதம் தழைச்சத்து. நூறு கிராம் உரத்தில் ஆறு கிராம் சொச்சம்தான். மீதியில் பெரும்பகுதி வேறு பொருள். இந்தக் கணக்கைப் போடாமலே வருடக்கணக்கில் மூட்டை வாங்குபவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இந்தச் சோதனைக்குக் கலப்பு உரம் ஆகாது. எந்தச் சத்து வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். இரண்டு தனி உரம் வாங்குங்கள். ஒன்று எல்ஏஎன்: சுண்ணாம்பு கலந்த அமோனியம் நைட்ரேட், 28 சதவீதம் தழைச்சத்து. இன்னொன்று சூப்பர் பாஸ்பேட்: 10.5 சதவீதம் மணிச்சத்து. எல்ஏஎன்னை டீசல், பாரஃபின், நெருப்பு இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கும் எட்டக்கூடாது.

படி 2: மண் எடுங்கள்

எந்த இடத்தைப் பற்றித் தெரிய வேண்டுமோ அந்த இடத்து மண். மேல் 15 சென்டிமீட்டர் போதும். டர்பனின் பெரியா மேட்டில் வீடு என்றால் சிவப்பு மணல் கிடைக்கும். தண்ணீர் சரசரவென்று இறங்கும், சத்தும் அதோடு இறங்கிவிடும். கடையில் விற்கும் பை மண் வேண்டாம், அதில் ஏற்கெனவே உரம் இருக்கும். காப்புக்காட்டிலிருந்து அள்ளி வராதீர்கள். அடுத்தவர் நிலம் என்றால் கேட்டு எடுங்கள்.

கல், வேர் பொறுக்கிவிட்டு நன்றாகக் கலந்து, அடியில் துளையிட்ட 5 லிட்டர் வாளிகளில் ஒவ்வொன்றிலும் 5 கிலோ நிரப்புங்கள்.

படி 3: நான்கு அணி பிரியுங்கள்

மூன்று வாளிக்கு எதுவும் கிடையாது. மூன்றுக்குத் தழைச்சத்து மட்டும். மூன்றுக்கு மணிச்சத்து மட்டும். கடைசி மூன்றுக்கு இரண்டும். அணிக்கு ஒரு வாளி போதாதா என்று கேட்கலாம். ஒரு வாளியில் எறும்பு புற்று வைக்கும், இன்னொன்றில் விதை அழுகும். மூன்று இருந்தால்தான் நம்பி ஏதாவது சொல்லலாம். வாளியின் பக்கவாட்டில் அழியாத மையால் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும்.

மணிச்சத்து மண்ணில் நகராது. அதனால் விதைப்பதற்கு முன்பே, வாளிக்கு 2.5 கிராம் சூப்பர் பாஸ்பேட்டை நுணுக்கி மண்ணோடு கலந்துவிடுங்கள். எல்ஏஎன் பிறகு வரும்.

படி 4: விதையுங்கள்

மக்காச்சோளம்தான் சரியான சாட்சி. நாம் மீலி என்று சொல்லும் அதே சோளம். தழைச்சத்துக்குப் பெரும்பசி கொண்டது, குறை இருந்தால் மறைக்கத் தெரியாதது. வாளிக்கு நான்கு விதை போட்டு, முளைத்ததும் நல்லதாக இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

எப்போது விதைப்பது? ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இந்தியாவில் சொன்ன கணக்கு. இங்கே ஆடி என்றால் மழை குறைந்த குளிர்காலம். புரட்டாசி, ஐப்பசியில்தான் வசந்த மழை பிடிக்கும், அப்போது விதையுங்கள்.

முளைத்த ஒரு வாரத்தில் 9 கிராம் எல்ஏஎன்னை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, கவலை வேண்டாம். தழைச்சத்து அணிக்கும் இரண்டும் பெறும் அணிக்கும் வாளிக்கு 100 மில்லி ஊற்றுங்கள், இலையில் படாமல். மற்ற ஆறு வாளிக்கும் 100 மில்லி வெறும் தண்ணீர். இரண்டு வாரம் கழித்து, புதிதாகக் கரைத்து, இதையே இன்னொரு முறை. இரண்டு தடவையும் சேர்த்து ஒரு வாளிக்கு அரை கிராம் தழைச்சத்து போயிருக்கும். கூடுதலாக ஊற்றினால் வேர் கருகும்.

வாரம் ஒருமுறை வாளிகளை இடம் மாற்றி வையுங்கள், வெயில் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கட்டும். சாட்ஸ்வர்த், குயீன்ஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வலை போடாவிட்டால் குரங்கு ஆறு வாரத்து வேலையை ஆறு நிமிடத்தில் முடித்துவிடும்.

படி 5: இலையைப் பாருங்கள்

மூன்றாவது வாரத்திலிருந்து குனிந்து பாருங்கள். தழைச்சத்து குறைந்த சோளத்தில் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். நுனியில் தொடங்கி நடு நரம்பை ஒட்டி உள்நோக்கி வரும். ஓரங்கள் இன்னும் பச்சையாக இருக்க, நடுவில் ஆப்பு அடித்ததுபோல் மஞ்சள் இறங்கும். பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் புதுக் குருத்துக்கு அனுப்புகிறது செடி. குருத்து மஞ்சளாகி அடி இலை பச்சையாக இருந்தால் அது வேறு குறை. பெரும்பாலும் கந்தகம் அல்லது இரும்பு. இலையோரமும் தண்டும் ஊதா ஏறினால் மணிச்சத்தைச் சந்தேகியுங்கள். குளிரிலும் ஊதா ஏறும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆறாவது வாரம் மண்மட்டத்தில் வெட்டி, செய்தித்தாளில் பரப்பி, மொறுமொறுவென்று காயவிட்டு எடை போடுங்கள். பச்சையாக எடை போட்டால் தண்ணீரைத்தான் எடை போடுகிறீர்கள்.

தழைச்சத்து பெற்ற இரண்டு அணியும் தூக்கி நின்று, மணிச்சத்து மட்டும் பெற்ற அணி வெறும் வாளியைப் போலவே இருந்தால், உங்கள் மண்ணில் கட்டுப்படுத்துவது நைட்ரஜன். தனித்தனியாகக் கொடுத்தபோது கொஞ்சம்தான் அசைந்து, இரண்டும் சேர்ந்தபோது பாய்ந்தது என்றால் இரண்டுமே குறை. நான்கும் ஒன்றுபோல் நன்றாக வளர்ந்தால் உரத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள். நான்கும் ஒன்றுபோல் சோர்ந்திருந்தால் மண்ணின் புளிப்பு (அமிலத்தன்மை), தண்ணீர், சாம்பல் சத்து என்று வேறு பக்கம் தேடுங்கள். அப்போது ஆய்வுக்கூடத்தில் மண் பரிசோதனை செய்வதுதான் புத்திசாலித்தனம்.

படி 6: வாளியை விட்டு வெளியே வாருங்கள்

இதே நான்கு அணிச் சோதனையைத்தான் சூழலியலாளர்கள் காட்டிலும் புல்வெளியிலும் செய்கிறார்கள். இப்படிப்பட்ட 126 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது: தழைச்சத்து கொடுத்தபோது வளர்ச்சி சராசரியாக 29 சதவீதம் கூடியது. உலகெங்கும் பெரும்பாலான சூழல்களில் இதே கதை; பாலைவனம் மட்டும் விலக்கு. நம்முடைய காரூ வறண்ட நிலத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும், அங்கே முதல் குறை தண்ணீர்.

ஆனால் ஏன் குறைகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

கரும்புக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர் 1860-இலிருந்து வந்து இறங்கி வியர்வை சிந்திய அதே நிலம். வெட்டுவதற்கு முன் தோகைக்குத் தீ வைப்பார்கள். தோகையிலுள்ள நைட்ரஜன் சுமார் 200 டிகிரியிலேயே வாயுவாகக் கிளம்பத் தொடங்கிவிடும். மணிச்சத்து அவ்வளவு எளிதில் ஆவியாகாது, பெரும்பாலும் சாம்பலில் தங்கும். தீ வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று போகிறது, மற்றது நிற்கிறது. மவுண்ட் எட்ஜ்கம் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், எரித்த பாத்தியையும் தோகையை மண்மேல் விட்ட பாத்தியையும் 1939-இலிருந்து ஒப்பிட்டு வருகிறார்கள். தோகை விட்ட பாத்தியில் மேல்மண்ணில் மக்கிய பொருள் கூடியிருக்கிறது. வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்ந்த தோகையையோ மரத்தூளையோ மண்ணுக்குள் புதைக்காதீர்கள். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தமக்கே இழுத்துக்கொள்ளும். செடி சில மாதம் பட்டினி. மேலே பரப்பினால் அந்தத் தொல்லை குறைவு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே உகுலிங்கா பண்ணைக்கு வாருங்கள். அங்கே இயற்கைப் புல்வெளியில் 1951-இலிருந்து உரச் சோதனை நடக்கிறது. தழைச்சத்து போட்ட பாத்திகளில் புல் நிறைய விளைந்தது. ஆனால் அதே பாத்திகளில் செடியினங்கள் குறைந்தன, நம் மண்ணில் இயல்பாக வளரும் செம்புல்லும் பின்வாங்கியது. பசி இருந்தவரை பல இனங்கள் அக்கம்பக்கமாக இருந்தன. பசி தீர்ந்ததும் உயர வளரும் சில இனங்கள் வெளிச்சத்தை மறைத்துவிட்டன. புல்வெளிக்கு உரம் போட்டால் நல்லதுதானே என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

கேப் பக்கம் கதை இன்னும் வினோதம். அங்குள்ள ஃபின்பாஸ் புதர்க்காடு, மழையில் அரித்து அரித்துச் சத்து போன மணற்கல் மண்ணில் நிற்கிறது. நைட்ரஜன் காற்றிலிருந்து காலப்போக்கில் சேரும், பாஸ்பரஸ் பெரும்பாலும் பாறையிலிருந்துதான் வரும். எனவே பழைய மண்ணில் மணிச்சத்துப் பஞ்சம் தலைதூக்கும். ஹவாய்த் தீவுகளில் இதை நேராகவே பார்த்தார்கள்: 300 வயது எரிமலை மண்ணில் காட்டுக்குத் தழைச்சத்து குறை, நாற்பது லட்சம் வயது மண்ணில் மணிச்சத்து குறை. கேப்பின் புரோட்டியாச் செடிகள் இந்தப் பஞ்சத்துக்கே பழகியவை. சூப்பர் பாஸ்பேட் போட்டால் நஞ்சாகிவிடும்; பரிசாக வந்த புரோட்டியா தொட்டியில் உங்கள் கைவரிசையைக் காட்டாதீர்கள்.

அதே மலைகளில் ரூய்போஸ் விளைகிறது. நாம் குடிக்கும் அந்தச் சிவப்புத் தேநீர்ச் செடி அவரைக் குடும்பம். வேர் முடிச்சில் பாக்டீரியாவை வைத்துக் காற்றிலிருந்து நைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த அக்கேசியா மரங்களும் அப்படித்தான், ஆனால் அளவு மீறி. மண்ணில் தழைச்சத்தை ஏற்றிவிடுகின்றன. மரத்தை வெட்டி அகற்றினாலும் சத்து மண்ணிலேயே இருக்கும். பஞ்சத்துக்குப் பழகிய உள்ளூர்ச் செடி திரும்புவதற்குள் களைப்புல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படி 7: வேர் முடிச்சைப் பிளந்து பாருங்கள்

சோதனை முடிந்த வாளிகளை வீணாக்க வேண்டாம். எதுவும் போடாத மூன்றிலும் காராமணி விதையுங்கள். பூக்கும் சமயம் ஒரு செடியைப் பிடுங்காமல் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் வேரை அலசுங்கள். மிளகளவு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. நம் இரத்தத்தில் இருப்பதுபோன்ற ஒரு நிறமிதான் அந்தச் சிவப்பு. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, பச்சையாக இருந்தால் காலம் முடிந்துவிட்டது. வேரில் முடிச்சே இல்லையென்றால் உங்கள் மண்ணில் தகுந்த பாக்டீரியா இல்லாமல் இருக்கலாம். காராமணி நன்றாக விளையும் தோட்டத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் வாங்கிக் கலந்து மறுபடி விதையுங்கள்.

மீதிச் செடிகளைப் பூவோடு வெட்டி அந்த மண்ணிலேயே கலந்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே வாளியில் முளைக்கீரை போடலாம்.