பண்பாட்டு விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், ஒரு சமூகத்தின் வரலாற்றையும் பண்பாட்டையும் மையமாகக் கொண்ட மாணவர் விடுதிகள் அரை நூற்றாண்டாகவே இருந்து வருகின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின வரலாற்றை முன்னிறுத்தும் உஜமா 1972இலும், வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் மரபைப் போற்றும் அக்வேகோன் 1991இலும் தொடங்கப்பட்டன. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலும் உஜமா (கறுப்பினத்தவர்), காசா சபாட்டா (லத்தீன் அமெரிக்க வழியினர்), ஒகாடா (ஆசிய அமெரிக்கர்), முவெக்மா-தா-ருக் (பூர்வகுடிகள்) என இத்தகைய நான்கு இல்லங்கள் உண்டு.

இவை அந்தந்தச் சமூகத்தவருக்கு மட்டுமே உரியவை என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுவது பரவலான தவறு. அரசின் நிதியுதவி பெறும் நிறுவனங்கள் இன அடிப்படையில் எவரையும் விலக்கக் கூடாது என 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் கூறுவதால், இந்த இல்லங்களில் சேர எந்த மாணவரும் விண்ணப்பிக்கலாம். இதே காரணத்தால், அந்தச் சமூகத்தில் பிறந்திருப்பதே இடத்தை உறுதிசெய்துவிடும் என்று எண்ணுவதும் பிழைதான். பல இடங்களில் பொது விடுதி விண்ணப்பத்துடன் தனியாக ஒரு கட்டுரையும் கேட்பார்கள். அதில் தம் பூர்வீகத்தைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, இல்லத்தில் தாம் என்ன செய்ய விரும்புகிறோம் என்பதை ஒரு வரிகூட எழுதாமல் விடுவதும் தவறு. தேர்வு செய்பவர்கள் அறிய விரும்புவதோ அந்த ஒரு வரியைத்தான்.

நம் மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒகாடாவின் மையப்பொருளான 'ஆசிய அமெரிக்கர்' என்ற அடையாளம் ஜப்பான், சீனம், பிலிப்பைன்ஸ், வியட்நாம், இந்தியா எனப் பல நாட்டு வழித்தோன்றல்களையும் உள்ளடக்கியது. அத்தகைய இல்லத்தில் பொங்கல் விழா தானாக நடக்கும் என்று எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். விரும்புபவர்தான் முன்வந்து நடத்த வேண்டும். சாப்பாடும் பெரும்பாலும் பொது உணவுக்கூடத்தில்தான் என்பதால், சமையலறை வசதியை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

பண்பாட்டு மையத்தையும் விடுதியையும் குழப்பிக்கொள்வோரும் உண்டு. மையம் கூடுவதற்கான இடம்; அங்கே தங்க முடியாது.

பிள்ளை ஒரே கூட்டத்துக்குள் ஒடுங்கிவிடுவானோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு, ஆனால் பெரும்பாலும் அது தேவையற்ற அச்சம். வகுப்பும் ஆய்வகமும் எல்லோருடனும்தான். அக்வேகோனில் பூர்வகுடியல்லாத மாணவர்களும் வசிக்கிறார்கள். அச்சம் தீராவிட்டால், கடந்த பருவத்தில் அங்கே என்னென்ன நிகழ்ச்சிகள் நடந்தன, எத்தனை பேர் வந்தார்கள் என்று தற்போது வசிப்பவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.