சிபிசி தாளில் தைராய்டைத் தேடுபவர்களுக்கு

ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள் நான். இப்போது பல சிபிசி (முழு ரத்த அணு எண்ணிக்கை) அறிக்கைகளின் அடியில் என்.எல்.ஆர்., பி.எல்.ஆர். என்று இரண்டு வரிகள் சேர்ந்தே அச்சாகி வருகின்றன. "இது கூடியிருக்கிறதே, எனக்கு ஹாஷிமோட்டோவா அம்மா?" என்று கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள். ஹாஷிமோட்டோ என்பது உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய்.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபில் 58 சதவீதம், லிம்போசைட் 34 சதவீதம் என்றால் 58-ஐ 34-ஆல் வகுங்கள், 1.7 வரும். அதுதான் என்.எல்.ஆர். நலமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3-க்குள் இருக்கும். தட்டணுவை லிம்போசைட்டால் வகுக்கும் பி.எல்.ஆருக்குச் சதவீதம் உதவாது. மொத்த வெள்ளணு 7,200 என்றால் அதில் லிம்போசைட் 34 சதவீதம், அதாவது 2,448. தட்டணுவை நம் ஊர் அறிக்கைகள் '2.65 லட்சம்' என்று போடும். அதை 2,65,000 என்று விரித்து எழுதி 2,448-ஆல் வகுத்தால் 108.

1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவில் லிம்போசைட்டுகள் மொய்த்துக் கிடந்ததை எழுதினார். ஆனால் அவை மொய்ப்பது சுரப்பியில். நான் ஊசி குத்துவது கையில். ஹாஷிமோட்டோ நோயாளிகளின் என்.எல்.ஆர்., பி.எல்.ஆர். சராசரியையும் நலமானவர்களின் சராசரியையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சராசரிகள் விலகினாலும் தனிமனிதர்களின் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்தே கிடக்கும். போதாக்குறைக்கு, சளிக்காய்ச்சல், பல்லில் சீழ், ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம் எல்லாமே என்.எல்.ஆரை அசைக்கும். தட்டணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.பி.வி. இன்னும் மோசம். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் காத்திருக்கக் காத்திருக்கத் தட்டணுக்கள் உப்பும். காலையில் எடுத்த ரத்தம் மாலையில் கருவிக்கு வந்தால் எண் தானாகக் கூடியிருக்கும்.

ஆகவே அடிவரிகளை விட்டுவிட்டு மேலே போங்கள். தைராய்டு உள்ளவர் பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபின், எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு), ஆர்.டி.டபிள்யூ. (சிவப்பணுக்களின் அளவு வேறுபாடு) மூன்றும்தான். தைராய்டு குறைந்த பெண்களுக்கு மாதவிலக்கில் அதிகம் போவதுண்டு. இரும்புச்சத்து இறங்கி எம்.சி.வி. 80-க்குக் கீழே வரும். மாறாக 100-ஐத் தாண்டினால் பி12 பாருங்கள். தைராய்டைத் தாக்கும் அதே வகைத் தன்னெதிர்ப்பு சிலருக்கு வயிற்றையும் தாக்கி, பி12 உறிஞ்சப்படாமல் செய்துவிடும். (சைவச் சாப்பாட்டிலும் பி12 குறையும், உடனே பதற வேண்டாம்.) இரண்டு குறையும் ஒருவருக்கே இருந்தால் ஒன்று சிறிதாக்க, இன்னொன்று பெரிதாக்க, எம்.சி.வி. 88 என்று சாதுவாக நிற்கும். அப்போது ஆர்.டி.டபிள்யூ.தான் காட்டிக்கொடுக்கும், 14.5-க்கு மேல் போனால் மருத்துவரிடம் விரல்வைத்துக் காட்டுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால் தைராய்டு மாத்திரையான தைராக்ஸினுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

தைராய்டு நோய் இருக்கிறதா என்பதற்கு டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஆன்டி டி.பி.ஓ. என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் போதும். முடி வளரப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். குறைந்தது இரண்டு நாள் நிறுத்தாவிட்டால் இந்த எண்கள் பொய் சொல்லக்கூடும். சிபிசியை அது தொடாது.

சிபிசி உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோல் மாத்திரை எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால், அதிலும் முதல் மூன்று மாதங்களில், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்த்து சிபிசி எடுக்க வேண்டும். அரிதாக இந்த மருந்து நியூட்ரோஃபில்களை அடியோடு துடைத்துவிடும். மொத்த வெள்ளணு எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் நியூட்ரோஃபில்களின் தனி எண்ணிக்கையைக் கேளுங்கள். அது 500-க்குக் கீழே என்றால் வீட்டில் இருக்கக்கூடாது, மருத்துவமனைதான். ரத்தம் கொடுக்கும்போதே "நான் கார்பிமசோல் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் குழாயை வரிசையில் முன்னே வைத்து, முடிவைத் தொலைபேசியில் சொல்வோம்.